அல்லிக்கு விடை எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் திருவிழா வந்துவிட்டால், விடியவிடியப் ‘பவளக்கொடி’ நாடகம் ஆடுவோர் இன்றும் உண்டு. ஆர்மோனியம் அழைக்கும், மிருதங்கம் முழங்கும், உழைத்துக் களைத்த மக்கள் உறக்கம் மறந்து அமர்ந்திருப்பர். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) யாத்த பாட்டு இனிது, மறுப்பாரில்லை. ஆனால், அப்பாட்டு சுமந்துவரும் பாடம் எது?

மதுரையை ஆண்ட அரசி அல்லி. அவள் மகன் பவளத்தேர் கேட்கிறான். பவளம் தேடப் போன அருச்சுனன், பவளக்கொடியைத் தேடிக்கொள்கிறான். துணை நிற்பவன் யார்? கடவுள் கண்ணன்! கைப்பிடித்தவன் இன்னொருத்தியை நாடுவது அறமா என்று அல்லி சீறுகிறாள். கிடைத்த விடை? சமரசம்! ஆணின் ஆசைக்கு ஆண்டவன் தரகன். பெண்ணின் நியாயத்துக்கோ வாய்ப்பூட்டு!

1934-இல் கே. சுப்பிரமணியம் இதைத் திரைக்குக் கொணர்ந்தார். தியாகராச பாகவதர் அருச்சுனன், எஸ்.டி. சுப்புலட்சுமி பவளக்கொடி. ஏறத்தாழ 50 பாடல்கள்! கருவி புதிது, கருத்து பழையது.

புராணத்தைத் திருத்தலாமோ என்பர் சிலர். வியாசர் பாரதத்தில் அல்லியும் இல்லை, பவளக்கொடியும் இல்லை. இருவரும் தமிழ் மக்கள் படைத்த பாத்திரங்கள். மக்கள் படைத்ததை மக்கள் திருத்தலாகாதா? மேடை நாடகமாயிருந்த ‘பராசக்தி’ 1952-இல் திரைக்கு வந்தபோது, குற்றவாளிக் கூண்டே பகுத்தறிவின் மேடையாகவில்லையா?

இளைஞனே! நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பந்தலுக்குப் போ, பாட்டைக் கேள். பொழுது விடியுமுன், அல்லிக்கு விடை எங்கே என்றும் கேள்!