பிஸ்மி சொன்னால் மட்டும் போதுமா? மான் இறைச்சியும் துவக்கு ரவையும்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம் உண்டு. "பிஸ்மி சொல்லிச் சுட்டதுதானாம், பயப்படாமல் சாப்பிடுங்க." வெளியூரிலிருந்து பொலித்தீன் பையில் மரை வற்றல் வந்து இறங்கும்போது இந்த வசனமும் கூடவே வந்து இறங்கும். அண்மையில் அதே வசனத்தை இன்னோர் இடத்திலும் பார்த்தோம். மெல்பனில் குடியேறிய சொந்தக்காரத் தம்பி ஒருவர் வேட்டை லைசன்ஸ் எடுத்து, கால் அங்குல ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். மானுக்கு எந்த ரவை நல்லது, எதனால் சுட்டால் ஹலால் என்று குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் கேட்டார். மூத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே பதிலைத்தான் போட்டார்கள்.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. நம் பதில்தான் சோம்பேறிப் பதில்.

முதலில் ரவையைப் பார்ப்போம். கால் அங்குலம் என்று சொன்னாலும் ரவையின் விட்டம் 0.257 அங்குலம். அமெரிக்காவில் 1915இல் வந்த 250 சவேஜ், 1934இல் வந்த 257 ரொபர்ட்ஸ், 1969இல் வந்த 25-06 எல்லாம் இந்த அளவுதான். ரவையின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன். 250 சவேஜை முதலில் விற்றபோது 87 கிரெய்ன் ரவையைப் போட்டார்கள். செக்கனுக்கு 3000 அடி வேகம் என்று விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது, அந்த வேகத்தை அவ்வளவு இலேசான ரவையால்தான் தொட முடிந்தது. மானுக்காக அல்ல, விளம்பரத்துக்காக.

இலேசான, உறை மெல்லிய ரவை முயல், நரி போன்ற சின்னப் பிராணிகளுக்குச் சரி. மானின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும். சதையில் ஒரு பெரிய காயம், உள்ளே இதயமும் நுரையீரலும் அப்படியே. மான் ஓடிப்போய் எங்கோ ஒரு பற்றைக்குள் நாள் கணக்கில் கிடந்து சாகும். அதனால்தான் மானுக்கு 100 முதல் 120 கிரெய்ன் வரை, உறை தடித்த, உள்ளே போய் விரிந்தாலும் உடையாத ரவையை எடுக்கச் சொல்கிறார்கள். ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் 1940களின் பிற்பகுதியில் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த ரவையைச் செய்ததற்குக் காரணமும் இதுதான். அவர் சுட்ட ஒரு பெரிய காட்டு மானில் ரவைகள் மேற்பரப்பிலேயே உடைந்துபோயின.

தம்பி இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. ஃபெலோ மான், புள்ளிமான் போன்றவற்றுக்குக் குறைந்தது 0.243 அங்குல ரவை, 80 கிரெய்ன். மரைக்குக் குறைந்தது 0.270 அங்குலம், 130 கிரெய்ன். அதாவது அவருடைய கால் அங்குல ரைபிளால் மரையைச் சுட முடியாது, சுட்டால் குற்றம். (அந்தக் காட்டில் இன்று திரியும் மரைகளின் மூதாதைகளில் ஒரு பகுதி 1860களில் நம் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போனவை. நம் ஊர் மரைக்கு அங்கே இருக்கும் மரியாதையைப் பாருங்கள்.)

ஈயத்தைப் பற்றியும் தம்பியிடம் சொன்னோம். ஈய ரவை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சிக்குள் பரவுகின்றன. 2008இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயம் இருப்பது தெரியவந்து, அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈய ரவையே கூடாது. செப்பு ரவை விலை கூட, ஆனால் பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டுக்கு அதுதான் நல்லது.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். சூரா அல்மாஇதாவின் 3வது ஆயத்தில் தடுக்கப்பட்டவற்றுள் 'மவ்கூதா'வும் ஒன்று, அதாவது அடிபட்டுச் செத்தது. வேட்டையைப் பற்றி அதிய்யு இப்னு ஹாதிம் (ரழி) கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதில்களும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றன. 'மிஃராழ்' என்ற தடித்த அம்புத் தடியின் கூர்முனை பட்டுத் துளைத்தால் சாப்பிடலாம், பக்கவாட்டில் பட்டு அடியால் செத்தால் கூடாது. களிமண் உருண்டை எய்து செத்தது மவ்கூதா என்று இப்னு உமர் (ரழி) சொன்னார்கள். அந்த உருண்டைக்கு 'புன்துகா' என்று பெயர். பிற்காலத்தில் துவக்கு ரவைக்கும் அதே சொல் வந்தது, சர்ச்சையும் கூடவே வந்தது.

டமஸ்கஸின் இப்னு ஆபிதீன், ஹனபி மத்ஹபுக்காரர், 1836இல் இறந்தவர். ஈய ரவை சுட்டெரித்தும் வேகத்தாலும் கொல்கிறது, வெட்டிக் கொல்லவில்லை, ஆகவே அறுக்காமல் ஹலால் ஆகாது என்றார். யெமனின் இமாம் ஷௌகானி அவருக்கு இரண்டு வருடம் முந்தி இறந்தவர். ரவை துளைத்துக்கொண்டு போகிறது, ஆகவே அம்பைப் போலத்தான் என்றார். நம் ஷாபிஈ கிதாபுகள் புன்துகாவால் செத்ததை ஏற்பதில்லை. உயிரோடு எட்டிப் பிடித்து அறுத்தால் மட்டும் ஹலால். பின்வந்தவர்களில் கூர்முனை ரவையை அனுமதித்தவர்களும் உண்டு. ஆனால் மானுக்கென்று செய்த ரவை நுழைந்ததும் முன்பக்கம் காளான் போல விரிந்து மொட்டையாகிவிடுகிறதே, அதைக் கூர் என்பதா, அடி என்பதா? இது எங்கள் யோசனை மட்டும், பத்வா அல்ல. தம்பியிடம், சந்தேகமில்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் விழுந்ததும் ஓடிப்போய் உயிர் போகுமுன் அறுத்துவிடு என்றுதான் சொன்னோம்.

ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஷாபிஈ மத்ஹபில் பிஸ்மி சொல்வது சுன்னத், நிபந்தனை அல்ல. எதனால் காயம் பட்டது, யார் செய்தது என்பவைதான் நிபந்தனைகள். எதை மட்டும் கேட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோமோ அதை விட்டாலும் இறைச்சி ஹராமாகாது. நாம் கேட்காமல் விடுகிற இரண்டும் ஹராமாக்கிவிடும்.

அந்த இரண்டையும் நம் பொலித்தீன் பைக்கு வைத்துப் பாருங்கள். மெல்பன் தம்பியிடம் ரைபிள், லைசன்ஸ், ரவையின் எடை எல்லாம் இருக்கிறது. இங்கே மரை விழுவது பெரும்பாலும் இடியன் துவக்காலும் கட்டுத்துவக்காலும். குழாயில் வெடிமருந்து, ஈய உருண்டை, இரும்புத் துண்டு எல்லாம் போட்டு இறுக்கி, பாதையில் கம்பி கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். மரை வந்தாலும் வெடிக்கும், மாடு வந்தாலும் வெடிக்கும், விறகெடுக்கப் போன மனுஷன் வந்தாலும் வெடிக்கும். சுட்டவர் யார்? கம்பியா? கத்தியையோ அரிவாளையோ பொறியாக நட்டுவைத்து அதில் பட்டுச் செத்த பிராணி ஹலால் ஆகாது என்று ஷாபிஈ நூல்கள் துவக்கு வருவதற்கு எவ்வளவோ முன்பே எழுதிவைத்திருக்கின்றன. மனுஷன் செய்த செயலாக அது இல்லை என்பதுதான் காரணம்.

சிலர் ஆயிஷா (ரழி) அவர்களின் ஹதீஸைக் கொண்டு வருவார்கள். புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த இறைச்சிக்கு நீங்களே பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னது. சரிதான். அது முஸ்லிம்கள் அறுத்துக் கொண்டுவந்த இறைச்சி. அறுத்ததில் சந்தேகமில்லை, பெயர் சொன்னதில்தான் சந்தேகம். வேட்டைக்கு வேறு கணக்கு. உன் நாயோடு இன்னொரு நாயும் சேர்ந்திருந்தால், எது கொன்றது என்று தெரியாவிட்டால், சாப்பிடாதே. தண்ணீரில் கிடந்தால் சாப்பிடாதே, தண்ணீர் கொன்றதா அம்பு கொன்றதா என்று உனக்குத் தெரியாது. இதுவும் அதிய்யு (ரழி) கேட்டு வந்த பதில்தான்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான், மரை இறைச்சியை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். துவக்குக்கு 1916ஆம் ஆண்டிலிருந்தே தனிச்சட்டம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீட்டில் இருந்த வாள், கத்தியைப் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்ன நாட்கள் நமக்கு மறக்கவில்லை. ஒரு பை வற்றலுக்காக பொலிஸ் ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டினால், அடுத்த நாள் அது ஒரு வீட்டின் கதையாக மட்டும் இருக்காது.

கஷ்டம் எங்கே என்று எங்களுக்கும் தெரியும். இது காசு கொடுத்து வாங்குவதை விட அன்பளிப்பாகத்தான் அதிகம் வருகிறது. சம்பந்தி வீட்டார் கொண்டு வருவார்கள், பழைய அயலவர் கொண்டு வருவார். திருப்பிக் கொடுத்தால் மனம் நோகும். அதற்காக யாரையும் அவமானப்படுத்தச் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: யார் சுட்டது, எதனால் சுட்டது, விழும்போது உயிர் இருந்ததா? நாங்கள் இதுவரை இரண்டு தடவை கேட்டோம். ஒருவர் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.