பாலம் ஆடுதா? டேம்பருக்கு முன்னாடி சென்சார் வைங்க!

மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது பக்கத்தில் லாரி போனால், காலடியில் லேசாக ஒரு ஆட்டம் தெரியும். பயப்படாதீங்க, எடை ஏறினால் பாலம் கொஞ்சம் வளைந்து நிமிரத்தான் செய்யும். அந்த ஆட்டம் அடங்காமல் பெருகினால்தான் ஆபத்து.

அதை அடக்குவது டேம்பர். பைக் ஷாக் அப்சார்பர் மாதிரிதான். ஆனால் 'செமி-ஆக்டிவ்' வகையில் இறுக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஒரு வகை டேம்பரில் இரும்புத்துகள் கலந்த எண்ணெய் இருக்கும். காந்தப்புலம் பட்டதும் சில மில்லி செகண்டில் கெட்டியாகிவிடும். பேட்டரி மின்சாரமே போதும். கரன்ட் போனாலும் சாதாரண டேம்பராக வேலை செய்யும். சீனாவின் டோங்டிங் ஏரிப் பாலக் கேபிள்களில் 2002-லேயே இது வந்துவிட்டது.

கோவைக்கு வேணுமா? தூண்கள் நெருக்கமாக இருக்கும் கான்கிரீட் மேம்பாலங்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ஆனால் அதிர்வை அளக்கும் சென்சார் கட்டாயம் வேணும். 1900 பிப்ரவரி 8 அன்று சுமார் 6 அளவிலான நிலநடுக்கம் இந்தப் பகுதியை உலுக்கியதை மறக்கக் கூடாது.

2025 அக்டோபரில் திறந்த 10.1 கி.மீ. ஜி.டி. நாயுடு மேம்பாலம் இன்னும் புதுசு. இன்றைய அளவு கையில் இருந்தால்தான், பத்து வருஷம் கழித்து எது மாறியிருக்கிறது என்று தெரியும். மோட்டார் சத்தம் மாறினாலே கண்டுபிடிக்கிற ஊர் இது. பாலத்துக்கும் அப்படி ஒரு காது வேணுமில்லையா?