கல்லடியில அறை, மாங்கேணியில வீடு

மாங்கேணியில பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் எங்கே பயணம் என்று கேட்டால் "மட்டக்களப்புக்கு" என்பார்கள். அதில் கனபேர் உண்மையில் போய் இறங்குவது கல்லடியில். ரியூசன், வாடகை அறை, சொந்தக்காரர் வீடு, வேலை எல்லாம் பாலத்துக்கு அங்காலதான் கிடக்கு. இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். உயர்தரம் படிக்கப் போன எங்களில் சிலர் இன்னும் அங்கே அறையெடுத்துத்தான் இருக்கிறம். அதனால் கல்லடியைப் பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரின் பழைய மையம் புளியந்தீவு. பெயருக்கேற்ற தீவுதான் அது. ஒல்லாந்தர் கோட்டையும் போதனா வைத்தியசாலையும் அங்கேதான் இருக்கின்றன. சுற்றிவர வாவி என்பதால் அது அகலிக்க வழியில்லை. 1924இல் ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயரில் கல்லடிப் பாலம் வந்தது. அதற்கு முன்பும் கல்லடியில் சனம் இருந்தது. ஆனால் பாலத்துக்குப் பிறகுதான் நகரம் வாவியைத் தாண்டிக் குடியிருக்க வந்தது. 2013இல் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலமும் திறந்தார்கள்.

கல்லடி ஒரு ஒடுங்கிய மணல் துண்டு. மேற்கே வாவி, கிழக்கே கடல். ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஆறுதலாக நடந்தே போய்விடலாம். தெற்கே நொச்சிமுனை, நாவற்குடா, காத்தான்குடி என்று வீடுகள் விட்டுப்போகாமல் தொடருது. எந்த ஊர் எங்கே முடியுது என்று பேர்ப்பலகை பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில் வளர முடியாத ஊர் என்ன செய்யும்? மாடி எழுப்பும், வளவைத் துண்டு துண்டாகப் பிரிக்கும், கடைசியில் வாவிக்கரைப் பள்ளத்துக்குள் மண் கொட்டும்.

இப்ப ஆட்களை எண்ணிப் பார்ப்போம். கல்லடி அடங்கும் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவு 70 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே 80,000க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். எங்கட கோறளைப்பற்று வடக்கு கிட்டத்தட்ட 590 சதுர கிலோமீற்றர். ஆட்கள் 20,000 சொச்சம். நிலம் எட்டு மடங்கு, சனம் கால்வாசி. எங்கட பக்கத்தில் காடு, களப்பு, குளம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்பது உண்மை. அதைக் கழித்தாலும் வித்தியாசம் சின்னதில்லை.

இதைப் பார்த்துவிட்டு "கல்லடி நல்லா முன்னேறிட்டுது" என்கிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. கல்லடியின் நெரிசலில் ஒரு பகுதி எங்கட ஊர்களில் இல்லாத விஷயங்களின் கணக்கு. விஞ்ஞானப் பிரிவு படிக்க ஆசைப்படுகிற பிள்ளை, விசேட வைத்தியரைக் காட்ட வேண்டிய அம்மா, கணினி வேலை தேடுகிற தம்பி, எல்லாரும் தெற்கே பார்த்துத்தான் பஸ் ஏற வேண்டிக் கிடக்கு. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கச் சனம் சண்டைக்குள்ளால் இடம்பெயர்ந்து போனது. பிறகு திரும்பி வந்தார்கள். வந்த பிறகும், படிக்கிற பிள்ளையை நகரப் பக்கம் அனுப்பி வைக்கிற யோசனை மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

இதில் பயமான விஷயமும் ஒன்று இருக்கு. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியும் திருச்செந்தூரும் என்ன பட்டன என்று கல்லடியில் யாரும் மறக்கவில்லை. சுனாமியில் சரிந்த முருகன் கோயில் கோபுரம் அதுக்குச் சாட்சி. வீடிழந்த பல குடும்பங்களை உள்ளே தள்ளித் திராய்மடுவில் குடியேற்றினார்கள். கடலுக்குப் பக்கத்தில் நெருக்கமாக இருப்பது ஆபத்து என்று அன்றைக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அதே மணல் துண்டில்தான் இன்றைக்கும் எல்லாரும் ஒரு அறையாவது கிடைக்காதா என்று தேடுறம்.

இதைச் சொன்னபோது ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நீங்க ஏன்டா இன்னும் அங்க இருக்கிறீங்க? ஊருக்குப் போங்களன்." ஞாயமான கேள்விதான். எங்களிடம் நல்ல பதில் இல்லை. வகுப்பும் வேலையும் அங்கே இருக்கிறதால அங்கே இருக்கிறம், அவ்வளவுதான். "ஊருக்குத் திரும்புங்கள்" என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்லுகிற கட்டுரை இது இல்லை. திரும்பினால் அங்கே என்ன இருக்கு என்பதுதான் கேள்வி.

ஆகவே எங்கட கேட்பு பெரிசில்லை. வாகரைப் பக்கப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் வந்த வருசமே இடமாற்றம் வாங்கிப் போகாமல் இருக்க, தங்குமிடத்துக்கு ஒரு வழி. மாதத்தில் ஒரு நாளாவது விசேட வைத்தியரின் கிளினிக். பின்னேர வகுப்பு முடிந்து ஊர் திரும்ப ஒரு பஸ். கல்லடிக்காகக் கேட்பதென்றால், வாவிக்கரையை நிரப்புவதை நிற்பாட்டுங்கள். மழைவெள்ளம் வடிய வேறு இடமில்லை. மாங்கேணிக்கு ஒரு ஆசிரியர் வந்து நிலைத்தால் கல்லடியிலும் சில அறைகள் குறையும். இரண்டு ஊருக்கும் அது நல்லதுதான்.

எங்கட அறைக்கார அம்மா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கேட்பா: "தம்பிமார், இந்த வருசத்தோட ஊருக்குப் போயிருவீங்கதானே?"

நாலு வருசமா "ஓம் அம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறம்.