குளிர் என்னும் கருவி

அருஞ்சொல் என்றதும் அகராதியைத் தேடவைக்கும் நெடிய சொல்லே நம் நினைவுக்கு வருகிறது. 1598ஆம் ஆண்டில் அச்சேறிய நாடகமொன்றில் ஷேக்சுபியர், ஆங்கிலத்தில் 27 எழுத்துகள் கொண்ட ‘ஹானரிஃபிகாபிலிடூடினிடாடிபஸ்’ என்னும் சொல்லைக் கோமாளி ஒருவனைப் பேசவைத்தார். அவர்தம் படைப்புகளில் அச்சொல் வருவது அந்த ஓரிடத்தில்தான். கற்றோரின் சொற்பகட்டை நகையாடவே அது வந்தது. அத்தகைய சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை. அறியாத சொல் என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். அறிந்த சொல்லின் முகத்தோடு வரும் அருஞ்சொல்லே படிப்பவரைத் தடுமாறச் செய்கிறது.

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர், இதணம் எனப்பட்ட பரண்மீது ஏறித் தழல், தட்டை, குளிர் ஆகியவற்றால் கிளிகளை ஓட்டுகின்றனர். நெருப்பாலும் குளிராலும் கிளி ஓட்டுவது எங்ஙனம்? மூன்றும் ஓசை எழுப்பும் கருவிகள். கையால் சுற்ற ஒலிப்பது தழல். மூங்கிலைப் பலவாகப் பிளந்து, ஒன்றில் தட்டி ஒலிக்கச் செய்வது தட்டை. நச்சினார்க்கினியர் உரை இல்லையேல் நாம் இவற்றை இழந்திருப்போம்.

குளிரைக் கபிலர் குறுந்தொகையின் 291ஆம் பாடலிலும் கையாள்கிறார். புனத்தில் ஒருத்தி குளிரை இசைத்துக் கிளி கடிகிறாள். அவ்விசையோடு அவள் குரலும் இயைகிறது. கிளிகளோ, அவள் தங்களை அழைப்பதாகக் கருதிப் புனத்தைவிட்டு நீங்கவில்லை. அதற்கு வருந்தி அவள் அழுகிறாள். மழைத்துளி ஏற்ற குவளை மலர்களாகின்றன அவள் கண்கள். இங்கே குளிரைத் தட்பம் என்று கொண்டால் பாட்டே சிதைந்துபோகும்.

நம் பாடநூல்களும் இதற்கு விலக்கல்ல: தழல், தட்டை, குளிர் மூன்றுக்கும் ‘கிளி ஓட்டும் கருவி’ என்று ஒரே பொருளை எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். இஃது அறிவாகாது என்பது என் துணிபு. ஒரே பணிக்கு மூன்று கருவிகளும் மூன்று பெயர்களும் இருந்தன என்றால், அவற்றைப் பிரித்தறிந்த செவிகளும் இருந்திருக்க வேண்டும்.

கபிலரின் பெயரைத் தாங்கிய குன்று, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றில் நிற்கிறது. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் அவர் முடிவைக் குறிப்பிடுகிறது. அதே மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. தினையும் சாமையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி பரவியுள்ளது. கிழங்கு மண்ணுக்குள் விளைவது. அதற்குக் கிளிக்காவல் எதற்கு? காவல் நின்றால் கருவியும் நிற்கும். கருவி நின்றால் பெயரும் மறையும். சிறு வயதில் பரணேறிப் பறவை ஓட்டிய முதியோரிடம் மாணவர்கள் சென்று, எதனால் ஓட்டினார்கள், அதை எவ்வாறு செய்தார்கள், என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். கபிலரும் முழுப் பட்டியல் தரவில்லை. மூன்றைக் கூறிவிட்டுப் ‘பிறவும்’ என்று நிறுத்திக்கொண்டார். அந்தப் பிற எவை என்று வினவ, அவர் குன்றுக்கு அணித்தே உள்ள இம்மலையைவிட ஏற்ற இடம் வேறில்லை.