சின்னத் தறிப்பேட்டை டு நைஜீரியா!

என்.எஸ்.எஸ்., சனிக்கிழமை ட்யூஷன் என்று சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் வாண்டுகளுக்குப் பாடம் எடுக்கப் போகும் கல்லூரி மக்களே, இந்த வாரம் உங்களுக்குத்தான். 'ஒரு மேற்கு ஆப்பிரிக்க நாட்டை அறிமுகம் செய்யுங்கள்' என்று சொன்னால் நாம என்ன செய்வோம்? நெட்டைத் தட்டி, நைஜீரியா, தலைநகர் அபுஜா, பணம் நைரா, விடுதலை 1960 அக்டோபர் 1 என்று ஒரு சார்ட் எழுதி மாட்டிட்டு வந்துடுவோம். பசங்களும் சமர்த்தா காப்பி பண்ணிட்டு சாயங்காலமே மறந்துடுவாங்க. அவங்க மனசுல ஏற்கெனவே இருக்கிற ஆப்பிரிக்கா மட்டும் அப்படியே இருக்கும். காடு, சிங்கம், மிஞ்சிப்போனா 'சிங்கம் 2' வில்லன் டேனி!

இதுல என்ன பாஸ் குறைஞ்சு போச்சுங்கறீங்களா? 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவன் காணாமல் போனதும், 'நைஜீரியாக்காரங்க தின்னுட்டாங்க' என்று புரளி கிளம்பியது. அந்தப் பையன் இறந்த பிறகு ஆப்பிரிக்க மாணவர்களைக் கண்ட இடத்தில் அடித்தார்கள். அதில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் நடந்த அடியும் உண்டு. அடித்தவர்களும் ஒரு காலத்தில் நாலாங்கிளாஸில் உலகப் படம் பார்த்தவர்கள்தானே?

அதனால சார்ட்டைச் சுருட்டி வெச்சுட்டு, பேட்டையிலிருந்தே ஆரம்பிங்க. 'நம்ம ஏரியாவுக்கு ஏன்டா இந்தப் பேரு?' என்று கேளுங்க. சின்னத் தறிப்பேட்டை! 1734-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவம் வளைந்து ஓடும் இந்த இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேணும், அதுக்குத் தறி வேணும். அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் காலத்தில் நம்ம சோழமண்டலக் கரைத் துணிகள் லண்டனுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறின. அங்கே துணியைக் கொடுத்து வாங்கியது மிளகையோ ஏலக்காயையோ அல்ல, மனுஷங்களை. இதைப் போய் குழந்தைங்ககிட்ட சொல்லணுமா என்று இழுக்காதீங்க. ஏழாங்கிளாஸுக்கு மேலே இருந்தா தாராளமா சொல்லலாம். பெரியவங்களைவிட நறுக்குனு கேள்வி கேட்பாங்க, தயாரா போங்க.

அடிமை வியாபாரம் ஒழிந்த பிறகும் துணி போய்க்கொண்டே இருந்தது. கட்டம் போட்ட 'மெட்ராஸ்' துணி! சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆந்திராவின் சீராலா பக்கமும் நெய்தது. நைஜர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கலபாரி என்று ஒரு மக்கள். தீவு தீவாக வாழ்கிறவர்கள், பரம்பரையாக மீன்பிடிப்பும் வியாபாரமும். மீன் மார்க்கெட்டைத் தாண்டி ஸ்கூலுக்குப் போகிற சிந்தாதிரிப்பேட்டைப் பசங்களுக்கு இது சட்டுனு பிடிபடும். இந்தக் கட்டம் போட்ட துணிக்கு அவங்க வெச்ச பேரு 'இன்ஜிரி'. குழந்தை பிறந்தாலும் இன்ஜிரி, பெரியவர் இறந்து கிடத்தும் கட்டில் அலங்காரத்திலும் இன்ஜிரி. நம்ம ஊருல தூளி கட்டுறதிலிருந்து கோடித்துணி போர்த்துற வரைக்கும் புடவையும் வேட்டியும் கூடவே வருதே, அதே கதைதான். பக்கத்தில் இருக்கும் இக்போ மக்கள் கல்யாணங்களில் உடுத்தும் பகட்டான துணிக்குப் பேர் 'ஜார்ஜ்'. நம்ம ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பேர் என்பார்கள்! (இக்போ மக்களைப் பற்றி நீங்க படிக்கணும்னா சினுவா அச்சிபியின் நாவல் 'சிதைவுகள்' என்ற பேரில் தமிழிலேயே இருக்கு.)

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். கலபாரிப் பெண்கள் நாம நெய்து அனுப்பியதை அப்படியே கட்டிக்கலை. வெளிர் நிற நூல்களை மட்டும் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்து உருவி, நம்ம கட்டத்துக்குள்ளே தங்கள் சொந்த டிசைனைக் கொண்டு வந்தாங்க. இதுக்குப் பேரு 'பெலெடே பிட்டே', அதாவது வெட்டிய துணி. மெட்ராஸ்காரன் நெய்ததும் கலபாரிக்காரி அறுத்ததும் சேர்ந்தால்தான் அந்தத் துணி.

இதை வாயால் விளக்காதீங்க, செஞ்சு காட்டுங்க. வீட்டில் பழைய கட்டம் போட்ட கைக்குட்டையோ லுங்கித் துண்டோ கிடைக்கும். ஆளுக்கு ஒண்ணு கொடுங்க. ஊசி முனையால் வெள்ளை நூலை நெம்பித் தூக்கி, அறுத்து, மெதுவா உருவச் சொல்லுங்க. ஒரு விரலகலம் டிசைன் வருவதற்குள் வகுப்பு கப்சிப்! அப்புறம் அவங்களே கேட்பாங்க, 'அக்கா, அந்த ஊரு ஆயாங்க முழுத்துணியும் இப்படியா பண்ணாங்க?' அப்போ உலகப் படத்தை விரிச்சு, ஆற்று முகத்தில் விரல் வெச்சுக் காட்டுங்க.

பிளேடு மட்டும் உங்க கையிலேயே இருக்கட்டும்.