கொல்லிமலை யாருக்கு ஆய்வுக்களம்?



நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த வளைவுகளில் ஏறாத பாடத்துறை எது என்று யோசித்தால் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. தாவரவியல் துறை மூலிகை தேடி ஏறியது. வேளாண் அறிவியல் சாமை, தினை விதை தேடி ஏறியது. நிலவியல் துறை பாக்சைட் தேடி ஏறியது. பொருளியல் துறை சந்தைக் கணக்கு எடுக்கவும், மானிடவியல் துறை சடங்கைக் குறித்துக்கொள்ளவும், தமிழ்த் துறை வல்வில் ஓரியின் தடம் தேடவும் ஏறின. சமூகப் பணி மாணவர்கள் ஆண்டுதோறும் முகாம் போடுகிறார்கள்.

இத்தனை துறைகள் ஏறிப்போன மலையிலிருந்து இறங்கி வந்தது நிறைய. முனைவர் பட்டங்கள், கட்டுரைகள், பதவி உயர்வுகள் வந்தன. பாக்சைட்டும் லாரி லாரியாக மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது. மலைக்குத் திரும்ப ஏறியது என்ன? இதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். நாங்கள் ஆய்வுக்கு எதிரானவர்கள் இல்லை. ஆய்வே வேண்டாம் என்று சொல்கிற நிலையில் ஒடுக்கப்பட்ட சமூகம் இல்லை. கேள்வியை யார் கேட்கிறார், பதிலை யார் வைத்துக்கொள்கிறார் என்பதுதான் பிரச்சினை.

சாமையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர் (கேரள மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை என்று பல ரகங்கள் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளில் அந்த நிலத்தின் பெரும்பகுதிக்கு மரவள்ளிக்கிழங்கு வந்துவிட்டது. கீழே சேலம், நாமக்கல் பகுதி சேகோ ஆலைகள் கிழங்கை வாங்குகின்றன. கையில் காசு வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதாக ஒரு தீர்ப்பை எழுதிவிடலாம்: "பழங்குடியினர் தங்கள் பாரம்பரியத்தைக் கைவிட்டுவிட்டனர், அவர்களுக்கு விழிப்புணர்வு தேவை."

சாமையை யார் குத்துவது என்று கேட்டுப் பாருங்கள், கதையே மாறிவிடும். சாமை அறுத்தவுடன் சோறாகிவிடாது. உமி போக உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். குத்துவது பெண்கள். காட்டு வேலை, தண்ணீர், விறகு எல்லாம் முடிந்த பிறகு அந்த வேலை. கனடா மானிடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் 2006இல் அமெரிக்கன் ஆந்த்ரோபாலஜிஸ்ட் இதழில் கொல்லிமலை விவசாயிகள் ஏன் பணப்பயிருக்கு மாறினார்கள் என்று எழுதினார். மழை, வருமானம், உழைப்பு எல்லாவற்றையும் எடைபோட்டு அவர்களே எடுத்த முடிவு அது என்பதை அந்தக் கட்டுரை காட்டியது. 1990களிலிருந்து மலையில் வேலை செய்யும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை சேகரிப்பதோடு நிற்காமல், உமி நீக்கி அரைக்கும் சிறிய இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. விதையைப் பாதுகாக்க வேண்டுமானால் குத்துகிறவளின் தோளைப் பற்றி யோசித்தாக வேண்டும் என்பது அப்போதுதான் செயலுக்கு வந்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. "எத்தனை ரகம் அழிந்தது" என்று கேட்கும் ஆய்வு பட்டியலோடு முடிந்துவிடுகிறது. "இந்த ரகத்துக்காக யார் உடம்பு நோகிறது" என்று கேட்கும் ஆய்வு வாழ்க்கையைத் தொடுகிறது. இரண்டாவது கேள்வி கொல்லிமலைப் பெண்ணுக்கு நாள்தோறும் தெரிந்த கேள்வி. அதை ஆய்வுக் கேள்வியாக எழுதும் இடத்தில் அவள் இல்லை, அவ்வளவுதான்.

அவள் ஏன் அந்த இடத்தில் இல்லை என்பதற்குப் பழைய வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகளைப் பற்றிய பதிவும் அதில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்ற கதையும் இருக்கிறது. தர்ஸ்டன் கதை கேட்டதோடு விடவில்லை, மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். அளக்கப்பட்டவர்களுக்கு அந்த அளவு எதற்கென்று தெரியாது.

அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1916 மே 9 அன்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் ஆகியோர் சாதிக்குக் கொடுத்த வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறை சொன்னார். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகர் சமூகத்தில் பிறந்த பீமராவ் அம்பேத்கர் அவர். பிறகு 1948இல் தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், அதே மூக்களவுப் புள்ளிவிவரங்களைக் கையில் எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். நம்மை அளந்த கருவியின் எண்களைக் கொண்டே அளந்தவர்களின் கோட்பாட்டைத் தகர்த்தார். ஆய்வை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி நமக்கு இல்லை. எரித்துவிட வேண்டாம், கைப்பற்றுங்கள்.

ஆனால் கைப்பற்ற விடுகிறார்களா? இந்தியச் சமூக அறிவியல் துறைகளில் சிலர் கோட்பாட்டுப் பிராமணர்களாகவும் மற்றவர்கள் தரவு சுமக்கும் சூத்திரர்களாகவும் பிரிந்து கிடக்கிறார்கள் என்று 2002இல் கோபால் குரு எழுதினார். இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சந்தித்த பாகுபாட்டை 2007இல் தோரட் குழு பதிவு செய்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை நின்றுபோய், விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்ட ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் தகவல் கொடுக்க ஆள் வேண்டும், ஆனால் கோட்பாடு எழுத அவர்கள் பிள்ளை வந்தால் இடம் இல்லை என்பதுதான் இங்கே நடப்பு.

பழங்குடியினரின் மலையைப் பற்றித் தலித் இயக்கம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆய்வாளரின் பார்வையில் சேரியும் மலையும் ஒரே இடம்தான். கேள்வித்தாளோடு வருவார்கள், நிரப்புவார்கள், போவார்கள். சமூகவியல் முதுகலையில் எங்களுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த முடிவை அந்த ஊருக்குத் திரும்பப் போய் எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு வகுப்புகூட இல்லை.

ஆய்வு என்பது ஏட்டோடு போகிற விஷயமும் இல்லை. ஒரு சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க மாநில அரசு இனவரைவியல் அறிக்கையோடு பரிந்துரைக்க வேண்டும். 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்கள் இன்னும் ஆட்சி செய்கின்றன: தொன்மைப் பண்பு, தனிப் பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. ஒரு மக்கள் கூட்டத்துக்குக் கூச்சம் இருக்கிறதா என்று இன்னொருவர் எழுதும் அறிக்கை, ஒரு பிள்ளையின் சாதிச் சான்றிதழைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளிகள் பழைய மாவட்ட எல்லைகளின்படி இடம்பெற்றிருக்கிறார்கள். சேலம் அதில் இருப்பதால், 1997இல் அதிலிருந்து பிரிந்த நாமக்கல்லின் கொல்லிமலைக்குச் சான்றிதழ் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கு அந்த அங்கீகாரம் இல்லை. பெயர் ஒன்றுதான், மலை வேறு. அவர்கள் நீண்ட காலமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி மூலிகைக்கு வருவோம். 1987இல் கேரளத்தின் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் களைப்பில்லாமல் நடந்தார்கள். அவர்கள் தின்ற காய் ஆரோக்கியப்பச்சைச் செடியுடையது, அந்தச் செடியிலிருந்துதான் பின்னர் 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் அந்த மருந்து கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அந்தப் பணத்தைப் பெற 1997இல் காணிகளின் அறக்கட்டளை பதிவானது. உலகமே இதைப் பாராட்டியது. பாராட்டத்தக்கதுதான், அதற்கு முன் பாதிகூட யாரும் கொடுத்ததில்லை. ஆனால் எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கேட்டு எடுத்த முடிவல்ல அது. ரகசியத்தைச் சொன்னது தவறு என்று காணி வைத்தியர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று பேசவே இடம் தராமல், கொடுத்ததற்கு எவ்வளவு என்று மட்டும் பேசினால் அது முழு நியாயம் ஆகாது.

இன்று சட்டங்கள் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(k) வரிசையில் வரும் சமூக உரிமைகளில், பல்லுயிர் தொடர்பான மரபு அறிவின் மீது சமூகத்துக்கு அறிவுச் சொத்துரிமையையும் அங்கீகரிக்கிறது. 2023இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு கொடுத்தார்கள். கொல்லிமலை வைத்தியரின் அறிவு வாய்வழியாக வருவது. அதை யார், எந்தப் புத்தகத்தில், என்ன நிபந்தனையோடு எழுதுகிறார் என்பது இனி இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

வெளிநாட்டிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். தங்களை வாட்டிய நீரிழிவு நோய்க்கு வழி கிடைக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். அந்த ரத்தம் மனநோய் ஆய்வுக்கும், அவர்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. 2003இல் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருந்த அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர், இதற்கு எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி வழக்கானது. 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். அதில் மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்று எளிமையான சொற்கள்தான் இருக்கின்றன. ஆனால் எழுதியவர்கள் ஆய்வு செய்யப்பட்டவர்கள்.

கொல்லிமலையின் 14 நாடுகளும் சேர்ந்து அப்படி ஒன்றை ஏன் எழுத முடியாது? நம் சேரிகள் ஏன் எழுத முடியாது? அதற்குக் காத்திருக்காமல், ஆய்வு செய்யப் போகும் மாணவர்களான நீங்கள் இன்றே தொடங்கக்கூடியவை சில:

1. தனிநபர் கையெழுத்து மட்டும் போதாது. ஊர்க் கூட்டத்தில் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் திரும்பி வாருங்கள்.

2. கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன், "உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று ஊரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கும் இடம் ஒதுக்குங்கள்.

3. வழிகாட்டி, மொழிபெயர்த்து, தரவு திரட்டிக் கொடுக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கூலி கொடுங்கள். ஆய்வில் அவர்கள் பங்கு இருந்தால் கட்டுரையில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். நன்றியுரையில் "கொல்லிமலை மக்களுக்கு நன்றி" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள்.

4. ரத்தமோ, விதையோ, குரல் பதிவோ, யாரிடம் இருக்கும், வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

5. ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு பத்துப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதி ஊருக்குக் கொண்டுபோங்கள். வாசித்துக் காட்டுங்கள். தப்பென்று அவர்கள் சொல்வதையும் எழுதி வையுங்கள்.

தலித் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாமும் ஒடுக்கப்பட்டவர்கள் என்பதாலேயே மலையில் நமக்கு விலக்கு கிடையாது. பல்கலைக்கழகத்தின் பெயரோடு மலை ஏறும்போது நம் கையில் இருப்பதும் அதிகாரம்தான். சேரியில் எதை அவமானமாக உணர்ந்தோமோ அதை மலையில் செய்யக் கூடாது.

பல்கலைக்கழகங்களிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை இன்னும் பெரியது. மலையிலிருந்தும் சேரியிலிருந்தும் வரும் மாணவர்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும், ஆண்டுக் கடைசியில் அல்ல. மதிக்கும் வழிகாட்டி கிடைக்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கான இடங்கள் தகுதியானவர் இல்லை என்ற பெயரில் காலியாக விடப்படக் கூடாது. சாமை குத்திய அம்மாவின் மகள் ஆய்வாளராகித் தன் கேள்வியைத் தானே எழுதும் நாளில், கொல்லிமலையைப் பற்றி இதுவரை யாரும் கேட்காதவை கேட்கப்படும். அவளுக்கான இடத்தைக் கேட்டுப் போராடுவது நம் வேலை.

ஜெய்பீம்.