மரை கழண்டா பசை தடவாதீங்க!

தலைப்பைப் பாத்துட்டு யாரையோ திட்டிப் பதிவு போட்டிருக்கான்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது நிஜமான மரையைப் பத்தின பதிவு. ரைஃபிள் மேல மாட்டற டெலஸ்கோப் இருக்கே, ஸ்கோப்புன்னு சொல்வாங்களே, அதைத் தாங்கிப் பிடிக்கிற குட்டிக் குட்டி ஸ்க்ரூக்களைப் பத்தினது.

"பொட்டி தட்டறவனுக்கு எதுக்குடா துப்பாக்கி?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு சாப்ட்வேருக்கு ஓடிப்போன கூட்டத்துல அடியேனும் ஒருத்தன். இப்ப பொட்டி தட்டறது அமெரிக்காவுல, விஸ்கான்சின்ல. இங்க தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிச்சு ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை சீசன். நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினாலே ஜெயில்தான். இங்க லைசென்ஸ் வாங்கிட்டுக் குடும்பத்தோட கிளம்பறாங்க. வேட்டை சரியா தப்பாங்கிற பஞ்சாயத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

அக்டோபர் வந்தா ஆபீஸ் காபி மெஷின் பக்கத்துல ஒரே பேச்சு. ஸ்கோப் ஸ்க்ரூ லூசாகாம இருக்க என்ன பண்றது? பெரும்பாலும் வர்ற பதில்: "கை வலிக்கிற வரைக்கும் இறுக்கு, சிவப்பு லாக்டைட்டை ஊத்து, சோலி முடிஞ்சது."

முடியல சார். என் கட்சி என்னன்னா, ஸ்க்ரூவை நிக்க வைக்கிறது பசை இல்ல, முரட்டுக் கையும் இல்ல. அது ஒழுங்கா இழுபட்டு நிக்கிறதுதான். இழுவை இல்லாத எடத்துல பசை போடறது வியாதியை மறைக்கிற வேலை.

முதல்ல, இதுல அப்படி என்ன குடி முழுகிடப் போகுதுன்னு ஒரு சின்ன கணக்கு. ஸ்கோப்பை ரெண்டு ரிங் பிடிச்சிருக்கும். நடுவுல இடைவெளி 10 செ.மீ.ன்னு வைங்க. ஒரு ரிங் மட்டும் 0.025 மி.மீ. நகர்ந்தாச்சு. தலைமுடி தடிமன்ல பாதி கூட இல்ல. 100 மீட்டர்ல குண்டு விழற எடம் 2.5 செ.மீ. தள்ளிப் போகும். 300 மீட்டர்ல 7.5 செ.மீ. அட்டை டார்கெட்னா "சே"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். உசிரோட நிக்கிற மானுக்கு, நெஞ்சுல பட வேண்டியது வயித்துல பட்டா அது உடனே சாகாது. ரத்தம் சொட்டச் சொட்டக் காட்டுக்குள்ள ஓடி மணிக்கணக்கா துடிக்கும். வேட்டையை ஆதரிக்கிறவனா இருந்தாலும் எதிர்க்கிறவனா இருந்தாலும் அது வேண்டாம்னுதான் சொல்லுவான். அதனாலதான் இந்த எள்ளுருண்டை சைஸ் ஸ்க்ரூவுக்கு ஒரு பதிவு.

இப்ப இஞ்சினியரிங். (கொட்டாவி விடறவங்க ரெண்டு பத்தி தாண்டிக்கலாம் :-))

ஸ்க்ரூங்கிறது ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீளுது. பழைய நெலமைக்குத் திரும்பப் பாக்குற அந்த இழுவைதான் ரெண்டு பாகத்தையும் சேத்து அமுக்குது. எவ்வளவு நீளும்? பேஸை ரைஃபிளோட பிணைக்கிற ஸ்க்ரூவுல இழுபடற பகுதி 5 மி.மீ.ன்னு எடுத்துக்கங்க. இரும்புல 300 மெகாபாஸ்கல் அழுத்தம் வர்ற மாதிரி இறுக்கினா அது நீள்றது 0.0075 மி.மீ. அவ்வளவுதான்! ஒரு தலைமுடியில பத்துல ஒரு பங்கு. அடியில ஒரு பிசிறோ, பழைய எண்ணெயோ, பெயிண்ட்டோ இருந்து, ரெண்டு மூணு குண்டு சுட்டதும் அது நசுங்கினா மொத்த இழுவையும் காலி. இதுல கவனிக்க வேண்டியது, ஸ்க்ரூ ஒரு டிகிரி கூடத் திரும்பல. ஆனா லூசு!

இங்கதான் பசைக் கட்சிக்கு என் கேள்வி. லாக்டைட் என்ன பண்ணும்? திரும்பறதைத் தடுக்கும். நசுங்கறதைத் தடுக்குமா? தடுக்காது. ஸ்க்ரூ ஒட்டிக்கிட்டு ஜம்முனு நிக்கும், அதுக்கடியில பேஸ் ஆடிக்கிட்டிருக்கும். நம்ம பாஷைல சொன்னா இது காலியான கேட்ச் பிளாக். எக்செப்ஷன் வருது, முழுங்கியாச்சு, லாக்ல ஒண்ணும் இல்ல, ப்ரோக்ராம் நல்லா ஓடுதுன்னு மேனேஜருக்கு மெயில் போட்டாச்சு.

லாக்டைட்டை மட்டம் தட்டல. 1953-ல ஹார்ட்ஃபோர்டு டிரினிட்டி காலேஜ் வேதியியல் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள் அதை விக்கிற பொருளாக்கினது அருமையான வேலை. காத்து பட்டா திரவமாவே கிடக்கும். காத்து இல்லாத மரை இடுக்குல, உலோகம் பட்டா கெட்டியாகும். ஆனா கெட்டியாகறதுக்கு முன்னாடி எண்ணெய் மாதிரி வழுக்கும். நாம திருகற டார்க்ல பத்துல ஒரு பங்குதான் இழுவையா மாறுது, மிச்சமெல்லாம் உராய்வுக்கே போயிடுதுன்னு டிசைன் கிளாஸ்ல படிச்சது ஞாபகம் இருக்கா? உராய்வு கொஞ்சம் குறைஞ்சாலே, அதே டார்க்குக்கு இழுவை எகிறிடும். காஞ்ச மரைக்குச் சொன்ன அளவை ஈர மரையில வச்சா ரிங் அலுமினியக் குழாயை நசுக்கும். உள்ள இருக்கிற லென்ஸ் அமைப்பு மாட்டிக்கும்.

அடுத்து ஸ்பிரிங் வாஷர். "அது ஒண்ணு போட்டா கழலாது"ன்னு நம்மூர் மெக்கானிக் அண்ணன்லேர்ந்து இங்க இருக்கிற தாத்தா வரைக்கும் ஒரே நம்பிக்கை. நாசா 1990-ல ஃபாஸ்டனர் டிசைனுக்குன்னே ஒரு கையேடு போட்டுச்சு. முழுசா இறுக்கினதும் அந்த வாஷர் தட்டையாயிடும், அப்புறம் அது சாதா வாஷர்தான், பூட்டற வேலை எதுவும் செய்யாதுன்னு அதுல பளிச்சுனு இருக்கு.

அப்ப திரும்பிக் கழலறது எப்படி? 1969-ல ஜெர்மன் இஞ்சினியர் கெர்ஹார்ட் யுங்கர் சோதிச்சுக் காட்டினார். ஸ்க்ரூவை மேலும் கீழும் ஆட்டறதை விட, பக்கவாட்டுல ஆட்டினாத்தான் சீக்கிரம் கழலுது. சாய்ஞ்ச பலகை மேல டம்ளர் வைங்க, நிக்கும். பலகையைக் குறுக்கால ஆட்டுங்க, டம்ளர் தானா கீழ இறங்கும். மரையும் ஒரு சுருட்டி வச்ச சாய்வுப் பலகைதான். ரைஃபிள்ல ஸ்க்ரூ பொதுவா செங்குத்தா நிக்குது, உதை குழல் வழியா பின்னாடி வருது. அதாவது சரியா பக்கவாட்டு! இழுவை போதுமான அளவு இருந்தா பாகங்கள் வழுக்காது. வழுக்கலேன்னா கழலாது. சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்கறோம் பாருங்க. இழுவை.

"எங்க தாத்தா முப்பது வருஷமா கையாலதான் இறுக்கினாரு, ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். தாத்தாவோட கை டார்க் ரெஞ்சா இருந்திருக்கும், ஒத்துக்கறேன். பேரனோட கையும் அப்படித்தான்னு யார் சொன்னா? ஸ்கோப்புக்கு ஐநூறு டாலர் கொட்டறவர் டார்க் டிரைவருக்கு ஐம்பது டாலர் செலவு பண்ண அழறதுதான் எனக்குப் புரியல.

நான் சொல்ற முறை ரொம்ப சிம்பிள். ஸ்க்ரூ, துளை, ஒட்டற பரப்பு எல்லாத்தையும் ஆல்கஹாலோ அசிட்டோனோ வச்சு எண்ணெய் போகத் துடைங்க. பிசிறு இருந்தா எடுங்க. ரிங்கை ரெயில் பள்ளத்துல முன்பக்கமாத் தள்ளி வச்சு இறுக்குங்க, ஏன்னா துப்பாக்கி பின்னாடி உதைக்கும்போது ஸ்கோப் முன்னாடி போகத்தான் பாக்கும். ரிங் மேல் ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. கம்பெனிங்க பொதுவா சொல்றது 15-லேர்ந்து 18 இஞ்ச்-பவுண்டு, கிட்டத்தட்ட 2 நியூட்டன் மீட்டர். அவங்கவங்க கையேட்டுல இருக்கிற எண்தான் வேதம். பத்து இருபது குண்டு சுட்டதும் திரும்ப ஒருக்கா டார்க் பாருங்க, நசுங்க வேண்டியதெல்லாம் நசுங்கியிருக்கும். அதுக்கப்புறமும் மனசு கேக்கலேன்னா, அடிக்கடி கழட்டத் தேவையில்லாத பேஸ் ஸ்க்ரூவுக்கு மட்டும் ஒரு சொட்டு நீலம். சிவப்பு வேணவே வேணாம். அதைக் கழட்ட 250 டிகிரி வரைக்கும் சூடு காட்டணும், பக்கத்துல லென்ஸ் இருக்கு!

கடைசியா, நெயில் பாலிஷ். வீட்டம்மாகிட்ட கேட்டு வாங்கி (கேக்காம எடுத்தா பின்விளைவுக்கு நான் பொறுப்பில்ல), ஸ்க்ரூ தலையிலேர்ந்து பேஸ் வரைக்கும் ஒரு கோடு இழுங்க. கோடு உடைஞ்சா ஸ்க்ரூ திரும்பியிருக்குன்னு அர்த்தம். கோடு சரியா இருந்தும் குறி மாறுதுன்னா டார்க் டிரைவரை எடுங்க. பசை தடவினவன் "இனி பாக்கவே வேணாம்"னு நிம்மதியா இருப்பான். கோடு போட்டவன் ஒவ்வொரு தடவையும் பாப்பான். எனக்கு ரெண்டாமவன் துப்பாக்கி மேலதான் நம்பிக்கை.

பாக்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு துப்பாக்கியே தேவையில்ல. 2002 மே 10-ம் தேதி இங்கிலாந்துல பாட்டர்ஸ் பார் ஸ்டேஷன் பக்கத்துல ரயில் தடம் புரண்டு 7 பேர் செத்தாங்க. தண்டவாளம் பிரியற எடத்துல இருக்கிற கம்பிகளோட நட்டுங்க கழண்டு கிடந்ததும், பராமரிப்பு சரியில்லாததும் விசாரணையில வெளிய வந்துச்சு. அத்தனை பெரிய ரயிலுக்கு அத்தனூண்டு நட்டு.

அதனால இந்த வருஷம் காட்டுக்குக் கிளம்பறவங்களுக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். பாட்டிலைத் தேடறதுக்கு முன்னாடி டார்க் டிரைவரைத் தேடுங்க. அது கிடைக்கலேன்னா மானைத் தேடாதீங்க.

டிஸ்கி: என்கிட்ட துப்பாக்கி இல்ல, வாங்கற எண்ணமும் இல்ல. டார்க் டிரைவர் மட்டும் இருக்கு. சைக்கிளுக்கு! ஸ்பிரிங் வாஷர் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம், தெம்பாத்தான் இருக்கேன்.